போக ஓர் இடம் இருக்கட்டும்

அங் மோ கியோ, சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, மாத்திரை எதுவும் தராமல் தினமும் உடம்பை அசைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார் என்று நீ சொன்னதிலிருந்து மனம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. உன் தாத்தாவுக்கும் இது இருந்தது, எனக்கும் இருக்கிறது. 28 வயதில் உனக்குத் தெரியவந்ததை நான் நல்லதாகவே எடுத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரியவந்தபோது வயது 50.

நீ அனுப்பிய மூன்று மடக்கு சைக்கிள் படங்களையும் பார்த்தேன். "400 வெள்ளிக்கு மேல் முடியாது, எது வாங்கட்டும் அத்தை?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் கடைக்காரர் பேசும் பேச்சில் பாதி மறந்துபோகும். கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிற மாதிரி இருக்கட்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எது வாங்குவது என்பதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சைக்கிளில் நீ எங்கே போகப் போகிறாய்?

"எங்கேயும் இல்லை அத்தை, சும்மா உடற்பயிற்சிக்குத்தான்" என்று நீ சொல்வாய். அந்தப் பதில்தான் எனக்குக் கவலை. ஏன் என்று சொல்கிறேன்.

1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்கு 24 வயது. நானும் தொண்டராகச் சேர்ந்தேன். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக்கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதை இயக்கத்தின் வேலையாகவே ஆக்கினார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம நர்சுகள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள் என்று எல்லோரும். வாடகைக் கடையில் மணிக்கணக்குக்கு எடுத்த சைக்கிளில், கண்மாய்க்கரையில் விழுந்து எழுந்து நானும் கற்றுக்கொண்டேன். உன் அப்பா பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவான்.

அந்தப் பெண்கள் யாரும் உடற்பயிற்சிக்காகச் சைக்கிள் மிதிக்கவில்லை, பாப்பா. தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு வர மிதித்தார்கள். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக மிதித்தார்கள். பஸ் வருகிற வரைக்கும் காத்துக்கிடக்காமல் வேலைக்குப் போக மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிளை விட பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பியவர்கள் உண்டு, பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று. போக ஓர் இடம் இருந்தது, கொண்டுபோக ஒரு பொருள் இருந்தது. அதனால் சைக்கிள் ஒரு நாளும் சும்மா நிற்கவில்லை.

இங்கே நம் வீவக அடுக்குமாடி புளோக்குகளின் கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்தைப் பார். டயரில் காற்று இறங்கி, செயின் துருவேறி, சீட்டில் தூசி படிந்து வரிசையாக நிற்கின்றன. எல்லாம் யாரோ ஒருவர் ஆசையாக வாங்கியவை. உடம்பைக் குறைக்க வேண்டும் என்று ஒரு வேகத்தில் வாங்கி, நாலு சனிக்கிழமை ஓட்டி, ஐந்தாவது சனிக்கிழமை மழை பெய்ததும் அப்படியே விட்டுவிட்டவை.

நானும் அப்படி ஒன்று வாங்கியிருக்கிறேன். சர்க்கரை என்று தெரிந்த அடுத்த மாதமே, விலை மலிவு என்று ஒரு மடக்கு சைக்கிள் வாங்கினேன். 16 அங்குலச் சக்கரம், முன்னும் பின்னும் ஸ்பிரிங், இரண்டு டிஸ்க் பிரேக். பார்க்க அழகாக இருந்தது. வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தால் 17 கிலோ. மடித்தால் மடித்தபடி நிற்காது, தூக்கினால் தொடையில் இடிக்கும். சீட்டை அது போகும் உயரத்துக்கு உயர்த்தியும் என் காலுக்குப் போதவில்லை. மடங்கிய முழங்காலோடு இரண்டு மாதம் மிதித்ததில் மூட்டுவலிதான் மிச்சம். அதைக் கொடுத்துவிட்டு, பக்கத்து புளோக்கில் ஊருக்குத் திரும்பிப் போகிற ஒருவரிடம் 20 அங்குல மடக்கு சைக்கிள் ஒன்றை 220 வெள்ளிக்கு வாங்கினேன். சுமார் 12 கிலோ. ஏழு வருடமாகிறது, இன்றைக்குக் காலையிலும் அதில்தான் சந்தைக்குப் போய் வந்தேன். முதல் சைக்கிளை வாங்கும்போது என் உடம்பையும் பார்க்கவில்லை, என் நாளையும் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்து வாங்கினேன்.

அதனால் முதலில் உன் நாளைப் பார்ப்போம்.

நீ இருப்பது பொங்கோலில், 11-ஆம் மாடியில், வாடகை அறையில். லிஃப்ட் உண்டு. அறை சின்னது. வீட்டுக்காரம்மா ஹாலில் எதையும் வைக்க விடமாட்டார், வெளி நடைபாதையை அடைத்து வைக்கவும் கூடாது. ஆகவே சைக்கிள் உன் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும். அந்த இடத்தை டேப் வைத்து அளந்து மூன்று எண்ணையும் எழுதிவைத்துக்கொள், நீளம், உயரம், அகலம். கடையில் சைக்கிளை மடித்து வைத்து அதே டேப்பால் அள.

உன் வாரத்தில் சைக்கிளுக்குக் கொடுக்கக்கூடிய வேலைகள் என்ன? எனக்குத் தெரிந்தே மூன்று இருக்கின்றன. காலையில் வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போவது. ஒன் பொங்கோல் கட்டடத்தில் இருக்கிற வட்டார நூலகத்துக்குப் போவது, நீதான் வாராவாரம் புத்தகம் எடுக்கிறாயே. மூன்றாவது, சனிக்கிழமை தேக்கா சந்தை. பொங்கோலிலிருந்து லிட்டில் இந்தியா வரைக்கும் ஒரே வடகிழக்கு ரயில் பாதை, வண்டி மாற வேண்டியதில்லை. மடித்து ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து பொங்கோல் நிலையத்தில் விரித்து ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மடக்கு சைக்கிளால் ஆகிற காரியம் இது. சாதாரண சைக்கிளால் ஆகாது.

ரயிலில் ஏற்றுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முன்பெல்லாம் கூட்ட நேரத்தில் மடக்கு சைக்கிளை உள்ளே விடமாட்டார்கள். 2016 டிசம்பரில் நாள் முழுவதும் அனுமதித்துச் சோதித்துப் பார்த்தார்கள், பிறகு அதையே நிலையாக்கினார்கள். மடித்த அளவு 120 சென்டிமீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் உயரம், 40 சென்டிமீட்டர் அகலத்துக்குள் இருக்க வேண்டும். நிலையத்துக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை மடித்தே வைத்திருக்க வேண்டும். 20 அங்குல மடக்கு சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் வந்துவிடும், அகலத்தில்தான் சிலது இடிக்கும். கடையில் அகலத்தை அளக்கும்போது பெடலையும் மடித்துவிட்டு அள.

அடுத்தது எடை. "12 கிலோதான்" என்று கடைக்காரர் சுலபமாகச் சொல்லுவார். நீ எப்போதும் வாங்குகிற 5 கிலோ அரிசிப் பை இரண்டையும் ஒரே கையில் தூக்கிப் பார், அதற்கு மேல் இன்னும் 2 கிலோ. அலுமினிய சட்டம் என்றால் 11 முதல் 13 கிலோ வரை இருக்கும், இரும்பு என்றால் அதைத் தாண்டும். உனக்கு 13 கிலோவுக்கு மேல் வேண்டாம். அதைவிட முக்கியம், மடித்த நிலையில் தள்ளிக்கொண்டு போக முடிகிறதா என்பது. சிலதில் மடித்தபிறகு சீட்டைப் பிடித்து இரண்டு சக்கரத்திலும் உருட்டிக்கொண்டு போகலாம். சிலதை ஒவ்வொரு அடியும் தூக்கித்தான் ஆக வேண்டும். நிலையத்தின் நடைமேடை முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தால் மூன்றாம் நாள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவாய். கடைக்குள்ளேயே மடித்து, இருபது அடி உருட்டிப் பார்.

இரண்டு பாதியும் மடிந்தபிறகு காந்தமோ பட்டையோ ஒன்று அவற்றைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் லிஃப்டுக்குள் வாயைத் திறந்துகொண்டு பக்கத்தில் நிற்பவர் காலில் விழும்.

சக்கரத்துக்கு வருவோம். உனக்கு 20 அங்குலம் போதும், அதற்குக் கீழே போகாதே. 16 அங்குலம் மடித்தால் சின்னதாக அடங்கும், உண்மைதான். ஆனால் சக்கரம் சின்னதாக ஆக ஆக நடைபாதை ஓரத்து மேடும் குழியும் கைக்கு நேராக வந்து அடிக்கும். 20 அங்குலத்திலும் இரண்டு வகை உண்டு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணைக் குனிந்து படி. 406 என்று முடிந்தால் எந்தச் சைக்கிள் கடையிலும் டயரும் டியூபும் கிடைக்கும், சிறுவர் சைக்கிள்களுக்கும் அதே அளவுதான். 451 என்று முடிந்தால் சற்றுப் பெரிய, மெல்லிய சக்கரம். வேகமாகப் போகும், ஆனால் பஞ்சரானால் டியூப் தேடி அலைய வேண்டும். உனக்கு 406.

சின்னச் சக்கரம் என்றால் இரண்டு மடங்கு மிதிக்க வேண்டுமே என்று நீ கேட்டிருந்தாய். அப்படி இல்லை. முன்னால் செயின் வீலில் 44 பல்லும் பின்னால் ஃப்ரீவீலில் 16 பல்லும் இருந்தால், நீ ஒரு சுற்று மிதிக்கும்போது பின்சக்கரம் இரண்டே முக்கால் சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1.55 மீட்டர். ஒரு மிதிக்குச் சுமார் 4.25 மீட்டர் போகிறாய். நிமிடத்துக்கு 60 சுற்று என்ற நிதானமான மிதிக்கே மணிக்கு 15 கிலோமீட்டர் வருகிறது. சக்கரம் சின்னதானதைச் செயின் வீலைப் பெரிதாக்கிச் சரிக்கட்டிவிட்டார்கள். பொங்கோல் தரைக்கு கியர் இல்லாததே போதும்தான், ஆனால் பாலம் ஏறும் இடங்களில் மூட்டுக்கு இளக்கம் வேண்டும். 6 அல்லது 7 கியர் இருந்தால் போதும், முன்னால் இன்னொரு பல்சக்கரம் வேண்டாம்.

ஸ்பிரிங் வைத்ததை வாங்காதே. இந்த விலைக்கு வருகிற ஸ்பிரிங் எடையைக் கூட்டும், நீ மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தைத் தின்னும். டயர் கொஞ்சம் அகலமாக இருந்து காற்றுச் சரியாக இருந்தால் அதுவே அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். டிஸ்க் பிரேக்கும் இந்த விலைக்கு அவசியம் இல்லை. ரயிலில் ஏற்றி இறக்கும்போது அந்த மெல்லிய தட்டு எதிலாவது இடித்து வளைந்துவிட்டால் உராய்ந்துகொண்டே இருக்கும். ரிம்மை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற வி-பிரேக் நன்றாக நிற்கும், கட்டை தேய்ந்தால் மாற்றவும் சுலபம். ஆனால் மட்கார்டு கட்டாயம் வேண்டும். இங்கே மழை எந்த மணிக்கு வரும் என்று யார் சொல்ல முடியும்? ஈரச் சாலையின் சேற்றை முதுகில் பூசிக்கொண்டு நூலகத்துக்குள் போக முடியாது.

இனிமேல் சொல்வதை மட்டும் இரண்டு தரம் படி. மடக்கு சைக்கிளின் உயிர் அதன் கீலில் இருக்கிறது.

உன் அப்பா வைத்திருந்த பிஎஸ்ஏ சைக்கிள் நினைவிருக்கும். அந்தப் பெயருக்குரிய பர்மிங்காம் கம்பெனி, இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் குதிக்கிற வீரர்களுக்காக மடிக்கும் சைக்கிள் செய்துகொடுத்தது. சட்டத்தின் நடுவே இரண்டு கீல், இறக்கை வைத்த நட்டால் கையாலேயே முறுக்கி இறுக்குவார்கள். அந்த முறுக்கு சரியாக இருக்கும்வரைதான் அது சைக்கிள். இன்றைக்கு நட்டுக்குப் பதில் நெம்பிப் பூட்டுகிற கொக்கி வந்திருக்கிறது, மற்றபடி விஷயம் அதேதான். உன் முழு எடையும் அந்த ஓர் இடத்தில் நிற்கிறது.

எப்படிச் சோதிப்பது? சைக்கிளை விரித்துக் கொக்கியைப் பூட்டு. உள்ளங்கையால் அழுத்தித் தள்ளினால்தான் பூட்ட வேண்டும், விரலால் தொட்டதும் மூடிக்கொண்டால் தளர்வு. பூட்டியபின் அது தானாகத் திறக்காமல் இருக்க இன்னொரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார். பிறகு முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்து, மறு கையை நடுக்கீலின் மேல் வைத்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளு. 'டக்' என்று ஓர் அசைவு கையில் தெரிந்தால் அந்தச் சைக்கிளை அங்கேயே வைத்துவிடு. ஹேண்டில்பார் தண்டின் அடியில் இருக்கிற கீலுக்கும் இதே சோதனை. பழைய சைக்கிள் என்றால் கீலைச் சுற்றிப் பற்றவைத்த இடத்தைப் போன் விளக்கை அடித்துப் பார். மயிரிழை போல ஒரு கோடு, பெயின்ட் உரிந்து நீளமாக ஒரு வெடிப்பு, எது தெரிந்தாலும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சீட் உயரத்தில் நான் பட்டதை நீ படக் கூடாது. சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வை. கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். சீட் தண்டில் 'இதற்கு மேல் இழுக்காதே' என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். உன் உயரத்துக்கு வைத்தபிறகும் அந்தக் கோடு குழாய்க்குள் மறைந்திருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் அந்தச் சைக்கிள் உனக்குச் சின்னது. எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதியிருப்பதையும் பார், உன் எடையோடு காய்கறிப் பையையும் சேர்த்துக் கணக்குப் போடு.

நீ பிராம்ப்டன் பற்றிக் கேட்டிருந்தாய். லண்டனில் ஆண்ட்ரூ ரிட்சி என்ற பொறியாளர் 1975-ல் தன் வீட்டு அறையில் செய்யத் தொடங்கியது அது. ஜன்னலுக்கு எதிரே தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே வைத்தார். மடித்தால் அதைப்போல் அடங்குவது அரிது. சட்டத்தின் மூட்டுகளை இன்றும் கையால் பற்றவைக்கிறார்கள், விலையும் உன் 400 வெள்ளியைப் பல மடங்கு தாண்டும். நல்ல பொருள்தான், ஆனால் உனக்கு வேண்டிய காரியத்துக்கு அது தேவையில்லை. இன்னொரு பக்கம் டேஹான். டேவிட் ஹோன் என்ற இயற்பியலாளர், லேசர் ஆராய்ச்சியில் இருந்தவர், 1982-ல் அமெரிக்காவில் தொடங்கியது. 20 அங்குலச் சக்கரம், நடுவில் மடிகிற சட்டம் என்று சாதாரண மக்கள் கைக்கு எட்டுகிற மடக்கு சைக்கிளைப் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. உன் பணத்துக்கு அந்த வகைதான், அந்தக் கம்பெனியோ வேறு கம்பெனியோ.

400 வெள்ளி முழுவதையும் சைக்கிளில் போட்டுவிடாதே. முன்விளக்கு, பின்விளக்கு, பூட்டு, கைப்பம்பு, ஹெல்மெட் எல்லாவற்றுக்கும் ஒரு 70, 80 வெள்ளி தனியே எடுத்துவை. இங்கே சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆகிவிடுகிறது. நீ ஆறரைக்குக் கிளம்பினால் இருட்டில்தான் ஓட்டுவாய். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு சட்டப்படியே வேண்டும். ஹெல்மெட் சாலையில் ஓட்டினால்தான் கட்டாயம், நீ எங்கே ஓட்டினாலும் போட்டுக்கொள். சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, நடைபாதையில் 10. சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிற நடைபாதையை 2025 ஜூலை முதல் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதில் ஏறாதே. தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவர்களும், கோல் ஊன்றி வருகிற பெரியவர்களும் அங்கேயாவது நிம்மதியாக நடக்கட்டும்.

இனி உடம்புக்கு. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடம்பை அசைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரைமணி என்றால் 150 ஆகிவிட்டது. மிதம் என்றால் என்ன என்பதற்கு ஒரு சுலபமான அளவு இருக்கிறது. ஓட்டும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் கொஞ்சம் வேகமாக மிதி. பேசவே மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள். இளக்கமான கியரில் வேகமாகச் சுற்றுவது முழங்காலுக்கு நல்லது, கனத்த கியரில் அழுத்தி மிதிக்காதே. முதல் இரண்டு வாரம் 15 நிமிடம் போதும். நெஞ்சை அடைப்பதுபோலவோ தலை சுற்றுவதுபோலவோ இருந்தால் உடனே இறங்கி உட்கார், டாக்டரிடம் சொல்.

அந்த அரைமணியைத் தனியாகத் தேடாதே என்பதுதான் நான் சொல்ல வந்தது. நிலையத்துக்கு நேர்வழியாகப் போனால் ஐந்து நிமிடம். நீர்வழிப் பூங்காவைச் சுற்றிக்கொண்டு போனால் இருபது நிமிடம். சுற்றிக்கொண்டு போ. மனமில்லாத நாளிலும் ஆபீசுக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? அன்றைக்கு நேர்வழியில் போவாய், ஆனாலும் மிதித்திருப்பாய். உடற்பயிற்சிக்கு என்று மட்டும் வைத்துக்கொண்டால் மனமில்லாத நாளில் சைக்கிள் மூலையில்தான் நிற்கும். விடுமுறை நாளில் லோரோங் ஹாலுஸ் சிவப்புப் பாலம், கோனி தீவு என்று நீட்டிக்கொள்ளலாம். அது தானாக வரும்.

வாங்கிய அன்றைக்கு இரவு அறைக்குள்ளேயே பத்து தரம் மடித்து விரித்துப் பழகு. கீலுக்கு நடுவே விரல் வைக்காமல் பிடிக்கிற இடம் எது என்று கைக்குத் தெரிய வேண்டும். நிலையத்து வாசலில் அரை நிமிடத்தில் மடிக்கத் தெரிந்தால்தான் தினமும் கொண்டுபோவாய், தடுமாறினால் கூச்சம் வந்து விட்டுவிடுவாய். வாரம் ஒரு தரம் காற்று அடி. எவ்வளவு என்று டயரிலேயே எழுதியிருக்கும். சின்ன டயரில் காற்றுச் சீக்கிரம் இறங்கும், இறங்கிய டயர் மிதிப்பவரின் மனத்தையும் இறக்கிவிடும். நனைந்தால் செயினைத் துணியால் துடைத்து ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடு. நீ இருப்பது கடலோரம், உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும். மாதம் ஒரு தரம் கீல் கொக்கி தளர்ந்திருக்கிறதா என்று பார்.

இப்போது உன் மூன்று படங்கள். முதலாவது, இணையத்தில் 189 வெள்ளிக்குப் போட்டிருக்கிற 16 அங்குலம், ஸ்பிரிங்கும் டிஸ்க் பிரேக்கும் வைத்தது. நான் முதலில் வாங்கியதன் மறு பதிப்பு அது. வேண்டாம். இரண்டாவது, 390 வெள்ளிக்குப் பழைய மூன்று மடிப்பு சைக்கிள். அந்த வகை நன்றாக அடங்கும், தினமும் ரயிலேறுகிறவருக்கு ஏற்றது. ஆனால் "கீல் லேசாக ஆடும், ஓட்டப் பிரச்சினை இல்லை" என்று விற்பவரே எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியே போதும், விட்டுவிடு. மூன்றாவது, கடையில் 320 வெள்ளிக்கு இருக்கிற 20 அங்குலம். அலுமினியம், 7 கியர், வி-பிரேக், மட்கார்டு. பார்க்கச் சாதுவாக இருக்கிறது. என் மனம் அதில்தான் நிற்கிறது. விளக்குக்கும் பூட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் மிச்சம் 80 வெள்ளியும் இருக்கும். ஆனாலும் கீலைத் தள்ளிப் பார்க்காமல், சீட் கோட்டைப் பார்க்காமல், இருபது அடி உருட்டாமல் பணத்தை எடுக்காதே.

உன் அப்பத்தா சைக்கிள் ஓட்டியதே இல்லை. நான் கற்றுக்கொண்ட புதிதில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ரேஷன் கடைக்குப் போயிட்டு வா" என்று பையைக் கையில் கொடுத்தார். நடந்தால் போக ஒரு மணி, வர ஒரு மணி. நான் முக்கால் மணி நேரத்துக்குள் அரிசியோடு வாசலில் வந்து நின்றேன். பையைக் கீழே கூட வாங்கி வைக்காமல் சைக்கிளின் சீட்டைத் தடவிப் பார்த்தார். அன்றிலிருந்து ரேஷன் கடை என் வேலை. நான் கல்யாணமாகி இங்கே கிளம்பும்வரை ஒரு மாதம் கூட அந்தச் சைக்கிளுக்கு ஓய்வு இல்லை.

வரும் சனிக்கிழமை கடைக்குப் போகலாம், நானும் வருகிறேன். உன் அறை இடத்தின் மூன்று அளவையும் எழுதிக்கொண்டு வா. வாங்கிய கையோடு பொங்கோல் நிலையத்தில் நீயே மடி, ரயிலேறித் தேக்காவுக்குப் போவோம். ஒரு பெரிய துணிப்பையும் எடுத்துவா. முதல் சுமையாக அரைக் கிலோ சின்ன வெங்காயமும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை